வீட்டுக்குக் கிளம்புறேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரர் சொன்னால் அதில் ‘கொஞ்சம்’ இருக்காது.

பதினொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். நாற்பத்திரண்டு வயதில் அதை விட்டுவிட்டு நெடுந்தூர லாரிக்கு வந்தேன். பன்னிரண்டு நாள் ரோட்டில், இரண்டு நாள் வீட்டில். முதல் மூன்று மாதம் பழகிப் பார்க்க. பிடித்தால் கையெழுத்துப் போட்டு நிரந்தரமாகலாம். பிடிக்காவிட்டால் பஸ்ஸுக்கே திரும்பலாம், பள்ளிக்கூடத்தில் என் இடத்தை அதுவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்த மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, இந்த வாய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

லாரி என்றால் கொஞ்சம் பெரிய பஸ் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். என் புத்தி அவ்வளவுதான். பின்னால் நாற்பது அடிக்கு டிரெய்லர் இழுபடும். ரிவர்ஸில் அது வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். பதினொரு வருடமாகக் கை பழகியதெல்லாம் தலைகீழ். முதல் வாரம் ஒரு கிடங்கில், சரக்கு இறக்கும் வாசலுக்கு வண்டியைப் பின்னால் விட எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. மூட்டை இறக்குகிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். நான் இறங்கிப் போய், “எனக்கு எங்க டீ?” என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஏறினேன், அடுத்த முறை வண்டி நேராகப் போய் நின்றது.

சீட்டுக்குப் பின்னால் இரண்டரை அடி அகலத்தில் ஒரு படுக்கை. ஒரு பக்கம் புரண்டால் சுவர், மறுபக்கம் புரண்டால் கீழே விழ வேண்டியதுதான். டம்ளருக்கு ஒரு வளையம், சீப்புக்கு ஒரு கொக்கி, செருப்புக்கு ஒரு பை. எதையாவது இடம் மாற்றி வைத்தால் முதல் பிரேக்கிலேயே அது பறந்து வந்து தலையில் விழும். பல் துலக்கும் பிரஷ் பட்ட தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது.

தினமும் மத்தியானம், ஓய்வுக்காக வண்டியை நிறுத்தியே ஆக வேண்டிய அந்த முக்கால் மணி நேரத்தில், வீட்டுக்காரர் போன் செய்வார். அவர் தையல்காரர். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பேண்ட் நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், பிள்ளைகளின் யூனிபார்ம் தைப்பார். நான் நூறு வார்த்தை பேசினால் மெஷினை நிறுத்தாமல் ஒரு ‘ம்’ சொல்வார். நான் ரோட்டுக்குப் போன பிறகு சமையல், துணி, மகளின் படிப்பு எல்லாம் அவர் தலையில். வீட்டுக்காரர் என்ற பட்டம் இப்போதுதான் அவருக்குச் சரியாகப் பொருந்தியது.

அந்தப் போனில் நான் புலம்பித் தீர்ப்பேன். இடுப்பு போச்சு, குளிக்க இடமில்லை, இந்த சீட்டைச் செய்தவன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட உட்கார்ந்திருக்க மாட்டான், இதெல்லாம் ஒரு பொழப்பா. அவர் “பாவம்” என்பார். எங்கள் மாடியில் எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் கை வைத்து, “குடும்பத்துக்காக என்ன பாடு படுறே” என்பாள். நானும் முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு நிற்பேன். நன்றாகவே நடிப்பேன்.

உண்மை வேறு. விடிந்த நேரத்தில், ரோடு காலியாகக் கிடக்கும்போது, அவ்வளவு பெரிய வண்டி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓடும். நான் வாய்விட்டுப் பாடுவேன். என் பாட்டைக் கேட்டு யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். ‘அம்மா, சாக்ஸ் எங்க’ கிடையாது, ‘சாயங்காலம் என்ன சமையல்’ கிடையாது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். பதிலுக்கு வெட்கம்தான் வரும். அதனால் மத்தியானம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புலம்புவேன்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு கூத்து. லாரியில் ஆறு கண்ணாடி, சில வினாடிக்கு ஒரு முறை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் என் கண் இடமும் வலமும் ஓடும். “அங்க யாரும்மா இருக்காங்க?” என்று மகள் கேட்பாள். பதிமூன்று வயது, வாய் என்னுடையது. பெரிய கட்டிலில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தலையணைகளை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கிக்கொண்டு படுத்தேன். வீட்டுக்காரர் அந்தத் தலையணைச் சுவருக்கு மறுபக்கம் படுத்தார்.

முதல் மாதம் வரும்போதெல்லாம் எதற்காவது அவரைத் திட்டினேன். பிறகு ஒரு நாள் யோசித்தேன். இருப்பதே இரண்டு நாள், அதில் எதற்குச் சண்டை? வீட்டைப் பார்த்துக்கொள்கிற மனுஷனை வந்ததும் வராததுமாகக் குறை சொல்லலாமா? அன்றோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். துண்டு எங்கே என்று கேட்டு வாங்கினேன். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு முறை வந்தபோது, அடுப்புக்கு வலது பக்கம் பதினாறு வருடமாக இருந்த உப்பு டப்பா மேல் தட்டுக்குப் போயிருந்தது. என் உயரத்துக்கு அது எட்டாது. எம்பி எடுத்தேன், உப்பைப் போட்டேன், மறுபடி எம்பி அங்கேயே வைத்தேன். எனக்கே என் பொறுமையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணி. மகள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒரு யூனிபார்ம் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டி, குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னேன்.

“சரி, நான் வீட்டுக்குக் கிளம்புறேன்.”

மெஷின் நின்றது. பதினாறு வருடத்தில் நான் பேசி அந்த மெஷின் நின்றதே இல்லை.

மகள் ஸ்பூனை வாயில் வைத்தபடியே சிரித்தாள். “அம்மா, இதுதாம்மா வீடு.”

நானும் சிரித்து வைத்தேன். வாசலில் நின்று அவரைப் பார்த்தேன். எப்போதும் ‘போயிட்டு வா’ என்பார். அன்று காலரைப் பார்த்தபடி, “பாத்துப் போ” என்றார். ‘வா’ இல்லை. இரண்டு மாடி இறங்கும்வரை மெஷின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினேன். கேட்கவில்லை.

அன்று மத்தியானம் போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மகள் மட்டும் பேசினாள். அப்பா வேலையாக இருக்கிறாராம். புதன்கிழமை நானே கூப்பிட்டேன். “சாப்டியா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். “சரி, வச்சிடவா?” என்றார். வைத்துவிட்டார். மூன்று நாளும் நான் பாடவில்லை. வண்டி அதே வண்டிதான், ரோடும் அதே ரோடுதான், ஆனால் பாட்டுதான் வரவில்லை. வாய் தவறி வந்த வார்த்தையில் பொய் இல்லை என்பதுதான் என்னை அரித்தது. அந்த நேரத்தில் என் மனசுக்கு வீடு அந்த இரண்டரை அடிப் படுக்கைதான். அது அவருக்கும் கேட்டுவிட்டது.

எங்கள் ஆபீசில் லோடு பிரித்துக் கொடுப்பவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ‘எங்கே’. போனை எடுத்ததும் வணக்கம் கிடையாது, எப்படி இருக்கே கிடையாது. எடுத்த எடுப்பில் “எங்கே?” என்பார். வியாழக்கிழமை காலை கூப்பிட்டார்.

“எங்கே?”

இடத்தைச் சொன்னேன்.

“இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணும். இருக்கியா, போறியா?”

“சொல்றேன்” என்றேன். உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸுக்கே போய்விடுவது. லாரி இல்லாமல் பதினொரு வருடம் இருந்தவள்தானே. அந்த மனுஷன் இல்லாமல் என்னால் முடியாது.

மத்தியானம் ஒரு கிடங்கின் முற்றத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது லாரி. இன்ஜினை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, வேலையா இருக்கீங்களா?”

“ஒரு கோட்டு தைக்கிறேன். சொல்லு.”

“நான் பஸ்ஸுக்கே போயிடலாம்னு இருக்கேன்.”

மெஷின் நின்றது. இரண்டாவது முறை.

“ஏன்?”

“ஏன்னு கேட்டா? இடுப்பு போச்சு. குளிக்க இடமில்லை. இதெல்லாம் ஒரு...”

“பொய் சொல்லாதே.”

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, நான் நகரவில்லை.

“அன்னைக்கு வாய் தவறி வந்துடுச்சுங்க. அதை மனசுல வச்சுக்காதீங்க.”

“வாய் தவறி வரலை.”

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “ஆமா. எனக்கு இந்த வண்டி பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் ஒரு கஷ்டமும் படலை. நீங்க பாவம் பாவம்னு சொல்லும்போதெல்லாம் வாயை மூடிட்டு இருந்தேன். நான் இங்க பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டுறேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பதினொரு வருஷம் பஸ் ஓட்டினே. ஒரு நாள் அதைத் திட்டியிருக்கியா? வருவே, சாவியை மாட்டுவே, படுப்பே. லாரி ஏறின நாள்லேர்ந்து தினம் முக்கா மணி நேரம் திட்டுறே. சீட்டைத் திட்டுறே, கண்ணாடியைத் திட்டுறே, படுக்கையைத் திட்டுறே. பிடிக்காததைப் பத்தி நீ பேசவே மாட்டே. பிடிச்சதைத்தான் உரிச்சு எடுப்பே.”

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“இவ்வளவு தெரிஞ்சவரு எதுக்கு மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?”

கத்தரியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“நீ என்னைத் திட்டி ரெண்டு மாசம் ஆச்சு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“போன தடவை பிரிட்ஜைத் திறக்கறதுக்கு முன்னாடி ‘எடுத்துக்கவா’ன்னு எங்கிட்ட கேட்டே. உன் வீட்டு பிரிட்ஜு. உப்பு டப்பாவை மேல வச்சது நான்தான், வேணும்னேதான் வச்சேன். அதைப் பாத்தாவது நீ கத்துவேன்னு நெனைச்சேன். எம்பி எடுத்தே, திரும்ப அங்கேயே வச்சே. ‘சமையலறை இப்ப நல்லா இருக்கு’ன்னு வேற சொல்லிட்டுப் போனே.” அவர் குரல் கரகரத்தது. “வண்டி உனக்கு வீடா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இங்க நீ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறே. அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எனக்கும் முன் வண்டிக்கும் நடுவில் இரண்டு லாரிக்கான இடம் காலியாகக் கிடந்தது. என் கண்ணில் தண்ணீர் நிறைந்து ஆறு கண்ணாடியும் கலங்கித் தெரிந்தன. இத்தனை நாளாக மரியாதை என்று நினைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். கன்னத்தைத் துடைத்தேன். ஏதாவது மன்னிப்பு மாதிரி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? நான் இருக்கிற உயரத்துக்கு அந்தத் தட்டு எட்டுமா? வேணும்னே வச்சாராம். அடுப்புல குழம்பு கொதிக்கும்போது எம்பி விழுந்து கையைச் சுட்டுக்கிட்டா யாரு வந்து பாப்பாங்க, எதிர்வீட்டு அக்காவா? மகளோட யூனிபார்ம் பாவாடை குட்டையாகி முழங்கால் தெரியுது, ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, அது கண்ணுக்குத் தெரியலையா? குழம்புல காரம், வாயில வைக்க முடியலை. ரெண்டு மாசமாச் சொல்லாம விழுங்கிட்டு இருக்கேன், வயிறு புண்ணாப் போச்சு...”

ஹாரன் இன்னும் நீளமாக வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, “இருய்யா, பேசிக்கிட்டு இருக்கேன்ல” என்றேன். மறுபடி போனுக்கு வந்து, தலையணை உறை, குளியலறைக் குழாய், அவர் மூன்று மாதமாக வெட்டாத முடி என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். நடுவில் எங்கேயோ மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவர், “ம்” என்றார்.

அப்போது இன்னொரு அழைப்பு உள்ளே வந்தது. ஆபீஸ். இவரைக் காத்திருக்க வைத்துவிட்டு எடுத்தேன்.

“எங்கே?”

“இங்கேதான் இருக்கேன். இனிமேலும் இருப்பேன். தாளை எடுத்து வைங்க, வந்து கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினேன்.

“இங்க பாருங்க, அடுத்த சனிக்கிழமை வருவேன். டப்பா பழைய இடத்துல இருக்கணும்.”

“நான் தொட மாட்டேன். நீயே வந்து இறக்கி வை.”

இன்ஜினைப் போட்டேன். காலியாகக் கிடந்த இடத்துக்கு வண்டி மெதுவாக நகர்ந்தது.

“வரிசை நகருதுங்க. வச்சிடவா?”

“சரி,” என்றார், மெஷினை நிறுத்தாமல். “போயிட்டு வா.”