தாய்க்கோழிக் காசு

விளக்குத் துலக்கி மிஞ்சிய புளியும் உப்பும்தான் ஜெபராணிக்கு வினையாக வந்தன.

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் என்ஜினீயராக இருக்கும் அயர்லாந்துக்காரர் பிரெண்டன் சார் வீட்டில் அவளுக்கு வேலை. ஹாலில் ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குள் எட்டு அயர்லாந்துக் காசுகள், 1928-இல் அடித்தவை. ஒரு பக்கம் பைபிளில் வரும் சுரமண்டலம் என்னும் யாழ், மறுபக்கம் குதிரை, மீன், காளை என்று ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். "இங்கிலாந்து ராஜா தலை வேண்டாம் என்றுதான் இவற்றை வைத்தோம்" என்று சார் ஒருமுறை பெருமையடித்தார். காசில் தொழுவத்தையா வைப்பது என்று அங்கே சிலர் சண்டைக்கே வந்தார்களாம். அவற்றில் பென்னி என்ற வெண்கலக் காசு 1971-இல் செல்லாக்காசாயிற்று.

அந்தப் பென்னியில்தான் தாய்க்கோழியும் ஐந்து குஞ்சுகளும். பளிச்சென்று மின்னும் காசுகளுக்கு நடுவில் அது மட்டும் அடுப்புக்கரியாய்க் கிடந்தது ஜெபராணிக்குப் பொறுக்கவில்லை. வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். குஞ்சுகள் பளபளவென்று வந்தன. பெருமை தாங்காமல் துபாயிலேயே கராமாவில் இருக்கும் ஊர்க்காரி ஜெஸ்மிக்குப் படம் அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"ஏட்டி, பழைய காசை எவளாவது தேய்ப்பாளா? கறுப்புதானே அதுக்க மதிப்பு! எங்க வீட்டுக்காரரு சேர்த்து வச்சிருக்காருல்லா, எனக்குத் தெரியாதா?"

வேலை போனால் விசாவும் போகும்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லட்டாக்கா?"

"தொலைஞ்சா நீ கள்ளி. தேய்ச்சா நீ மடச்சி. மடச்சியாவே இரு."

வாசலில் கார் சத்தம். உள்ளே வந்த சார் சட்டத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் காசு இருந்த கையை விரித்தாள்.

சார் காசை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் அப்பா சாகும்வரை சட்டைப்பையில் வைத்திருந்தது. அவர் கைபட்டுத்தான் கறுத்தது."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் காசை அவள் உள்ளங்கையிலேயே வைத்தார். "எனக்கு இனி வேண்டாம். நீயே வைத்துக்கொள்."

இப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஓடிப்போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"சார், நீங்க குடுத்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

அவர் முகம் சிவந்தது. "நான் உன்னைத் திருடி என்பேன் என்றா நினைக்கிறாய்?"

ஜெபராணி பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள்.