போலி விளக்குகள்

"நம் மெக்கானிக் வழங்கிய புரொஜெக்டர் விளக்குகள் போலியானவை. இனி அவரிடம் எதுவும் வாங்கப்படமாட்டாது." திரைப்படச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இவ்வாசகம் ஒன்பது நாளாகத் தொங்கிற்று. கையொப்பமிட்டவர் சங்கச் செயலாளர். போலி விற்றவளாகச் சொல்லப்பட்ட மெக்கானிக், அவருடன் ஒரு வயிற்றில் பிறந்த தங்கை.

ஒன்பது நாளில் மூன்று வாடிக்கைகள் அறுந்தன. சங்கத்து உறுப்பினரான பள்ளி ஆசிரியர், தம் பள்ளிப் புரொஜெக்டரைப் பார்க்க வரச்சொன்னவர், அவளை வாசலிலேயே நிறுத்தி, "அப்புறம் பாக்கலாமே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கை கருகத் தேடிய நற்பெயர். அதை அழிக்க அரைத்தாள் போதுமாயிருந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் காட்சி. யாரும் அழைக்காமலே இரண்டு மணிக்கு இயந்திர அறைக்குள் நுழைந்தாள்.

"வாம்மா. கோபமா?" என்றார் அண்ணன்.

"செத்துப்போச்சுன்னு சொன்ன பல்பையெல்லாம் எடுங்க."

"எதுக்கு, அடக்கம் பண்ணவா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே நான்கு விளக்குகள். முதல் விளக்கின் இரு கால்களிலும் தன் மின்சோதனை மீட்டரின் முனைகளை வைத்தாள். கீச்சென்றது. இரண்டாவதும் கீச்சென்றது. மூன்றாவது ஊமையாயிருந்தது. நான்காவது மறுபடியும் ஒலித்தது.

"கேட்டீங்களா?"

"என்னமோ எலி மாதிரி கத்துச்சு."

"உள்ள இழை அறுந்துபோயிருந்தா கத்தாது. நாலுல மூணு சாகவே இல்ல. உயிரோட இருக்கிறதத் தூக்கிப் பெட்டியில போட்டுட்டு, ஊர் முழுக்கப் போலின்னு சொல்லியிருக்கீங்க."

தான் கொண்டுவந்த மின்பெட்டியில் அவற்றை ஒவ்வொன்றாய் இணைத்தாள். மூன்று முறையும் எதிர்ச்சுவர் வெண்மையாய்ப் பூத்தது. அந்த வெளிச்சத்தில் அண்ணனின் முகத்துச் சிரிப்பு சுருங்கியதை அவள் பார்த்தாள். பார்த்தும் உள்ளே கனன்றது தணியவில்லை.

"அப்போ மெஷின்ல மட்டும் ஏன் மங்கிமங்கி அணையுது?"

விளக்கின் கால்களைக் காட்டினாள். வெள்ளிபோல் மின்ன வேண்டியவை கரியேறிக் குழிகுழியாய் அரித்திருந்தன. இயந்திரத்தின் மூடியைத் திறந்து, விளக்கைத் தாங்கும் சாக்கெட்டைக் கழற்றினாள். பீங்கான் வெடித்திருந்தது. விளக்கின் கால்களை இறுகக் கவ்வவேண்டிய பித்தளைத் தகடுகள் வெந்து, பிடி தளர்ந்து, பல்லிழந்த வாய்போல் அகன்றிருந்தன. பிடி தளர்ந்த இடத்தில் மின்சாரம் தாவும், தாவினால் பொறி, பொறி பட்டால் கரி. புதுவிளக்கு இரண்டு காட்சிகளுக்குச் சமாளிக்கும். பிறகு அதுவும் கண்மூடும்.

ஆனால் இது அவள் ஆறே மாதத்துக்கு முன் பொருத்திய புது சாக்கெட். ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டியது. ஒரு கணம் அவளுடைய சினம் அவள்மீதே திரும்பிற்று. நான்தான் தவறாய்ப் பொருத்தினேனோ? மின்னழுத்தத்தை அளந்தாள், சரியாயிருந்தது. விசிறியை ஓட்டிக் கையை நீட்டினாள். காற்று பலமாய் வீசிற்று. அதை நிறுத்தப் போன கை சுவிட்சருகே நின்றது. மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணனின் கையெழுத்து.

"படம் முடிந்த நொடியே மெயின் சுவிட்சை அணைக்கவும். பின்பு ஐந்து நிமிடம் முழு மௌனம்."

"இது யார் போட்ட சட்டம்?"

"நான்தான். ஆறு மாசமா நடக்குது. படம் முடிஞ்சா இருட்டுல ஆடாம அசையாம உக்காந்திருக்கணும். அப்பதான் பாத்தது மனசுல எறங்கும். அந்த நேரத்துல இந்த விசிறி கிர்ருன்னு கத்துனா எப்படி? அதான் மெயினையே அணைச்சுடறோம்."

"பல்ப அணைச்சப்புறம் விசிறி மட்டும் பத்து நிமிஷம் ஓடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னே. நான் சும்மா ஜாக்கிரதைக்குச் சொல்றேன்னு நினைச்சேன்."

"ரெண்டு மணிநேரம் எரிஞ்ச பல்பு. திடீர்னு காத்த நிறுத்துனா அந்தச் சூடு எங்க போகும்? வாராவாரம் சாக்கெட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கு. நீங்க மௌனமா இருந்தீங்க, அது வெந்துக்கிட்டே இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார்.

"சரி விடு. பலகையில இருக்கிறத நைசா எடுத்துடறேன்."

"ஒட்டுனது எல்லாரும் பாக்க. எடுக்கிறது மட்டும் நைசாவா?"

"தங்கச்சிதானே, பொறுத்துக்கக் கூடாதா? வீட்டுக்கு வா, உங்க அண்ணி இருக்கா, சாப்பிட்டுப் பேசலாம்."

"அண்ணி நோட்டீஸ் ஒட்டல. அதுல தங்கச்சின்னும் எழுதல, மெக்கானிக்னுதான் எழுதியிருக்கு. அந்த மெக்கானிக்குக்குப் பதில் எழுதுங்க."

கருவிப்பையிலிருந்த மாற்று சாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பொத்தினாள். மணி மூன்றே கால். அண்ணன் கையை நோக்கினார், கடிகாரத்தை நோக்கினார், பிறகு பேனாவைத் திறந்தார்.

"சாக்கெட் பழுதினால் விளக்குகள் அணைந்தன" என்று எழுதி நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அது தானா பழுதாச்சா?"

"என் மானத்த வாங்கணும்னே வந்திருக்கியா?"

"என் மானத்த ஒன்பது நாள் ஆணி அடிச்சுத் தொங்கவிட்டீங்களே, அப்போ உங்க கை நடுங்குச்சா?"

அவர் அந்தத் தாளைக் கசக்கினார். புதிய தாளில் நிதானமாக எழுதினார்: "விளக்குகள் நல்லவை. விசிறியை உடனே அணைக்கும்படி நான் இட்ட விதியே சாக்கெட்டைக் கெடுத்தது. மெக்கானிக்கின்மேல் சாற்றிய பழி என் பிழை." கையொப்பமிட்டு, தாமே போய்ப் பலகையில் குத்தினார். அவர் குத்தி முடிக்கும்வரை அவள் பின்னால் நின்றாள்.

பிறகு சாக்கெட்டைப் பொருத்தத் தொடங்கினாள். திருகு இறுகும்போதெல்லாம் பல்லும் இறுகிற்று. கூடத்தில் உறுப்பினர்கள் கூடும் அரவம் கேட்டது. பலகையருகே பேச்சு நின்றது, யாரோ இருமினார்கள். சற்றுப் பொறுத்து, பள்ளி ஆசிரியர் அறைக்குள் தலைநீட்டினார்.

"ஏம்மா, எங்க பள்ளிக்கூட மெஷினும் மங்கலாவே இருக்கு. நாளைக்கு வரமுடியுமா?"

அவள் நிமிரவில்லை. "நாளைக்கு முடியாது, சார். புதன்கிழமை வரேன். நான் வர்றப்போ நீங்களே வந்து கதவத் தொறக்கணும்."

"கண்டிப்பா, கண்டிப்பா," என்று பின்வாங்கினார் ஆசிரியர்.

கடைசித் திருகை அவள் வேண்டியதற்குமேல் அரைச்சுற்று முறுக்கிவிட்டாள். பீங்கான் வெடித்துவிடும் என்று உணர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டே அதைத் தளர்த்தினாள்.