வெள்ளிக்கிழமை டீ

கே.ஜி.கண்டிகை சபையாரின் கண்ணுக்கு ஞானமணி எந்த வருஷத்திலிருந்து தெரியாமல் போனார் என்று கேட்டால், சபையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கவனித்திருந்தால்தானே சொல்வதற்கு. சபைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தக் குறை. திருத்தணி பஸ் கண்டக்டருக்கு அவர் தெரிந்தார், டீக்கடைக்காரருக்குத் தெரிந்தார், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலைக்கு நடந்தவர்கள் அவரை நிறுத்தி வழி கேட்டுப் போனார்கள். ஞானமணி அந்தச் சபையின் பைபிளம்மா. வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்து ஜெபிக்கப் பழக்குவது அவர் வேலை. அவருக்கு இளைப்பு இருந்தது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போது, அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வார். அவரிடம் கற்றவர்களும் அந்த இடத்தில் நின்றார்கள், அவர்கள் பிள்ளைகளும் நின்றார்கள். வெளியூர்ப் போதகர்கள் வந்தால், முழுச் சபையும் அப்பத்துக்கு முன்னால் நின்று மூச்சிழுப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன பழக்கம் என்று விசாரிப்பார்கள். எங்கள் சபை வழக்கம் என்று பெருமையாகப் பதில் வரும். பைபிளம்மா எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது.

தையல் கடை வைத்திருக்கும் புஷ்பலதாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த மாதத்தில், கடவுளாவது மண்ணாவது என்று கத்திக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கோபத்தோடும் ஜெபிக்கலாம் தாயி, அவர் கேட்டுக்குவார் என்று சொல்லிக்கொடுத்தவர் ஞானமணி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் புஷ்பலதா எழுந்தாள். பிறகு பெண்கள் ஐக்கியத்தில் அதையே பேசிப் பேசி, நாளடைவில் அது தனக்கே தோன்றிய ஞானம் என்று நம்பியும் விட்டாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாற்காலி ஓரத்தில் ஒரு டீ வைக்கும் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. யாருக்கு வைக்கிறோம் என்பது மறந்து போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடி டம்ளரில் டீ தானாகக் குறைந்துகொண்டே போய்த் தீர்ந்ததை அவள் பார்த்தாள். அங்கேயே முழங்கால் போட்டாள். மறு ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் என் வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறார் என்று சாட்சி சொன்னாள். சொன்னதை யாரோ போனில் எடுத்து அனுப்ப, அரக்கோணத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். நாற்காலிக்கு வெல்வெட் துணி போர்த்தினாள். ஆண்டவருக்கு வைக்கிற டீ ஆயிற்றே என்று பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள். டம்ளர் வாரம் தவறாமல் காலியானது. வந்தவர்கள் அழுது ஜெபித்தார்கள். அப்பத்துக்கு முன்னால் மூச்சு வாங்க அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு கௌரியம்மாள் நடவு வேலைக்குப் போகிறவள். சபைக்காரி இல்லை, அவள் கும்பிடுவது மலைமேல் முருகனை. கறிவேப்பிலை கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே வந்தவள், புஷ்பலதா சர்க்கரை போடும் அழகைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இன்னாக்கா இம்மாஞ் சக்கர போடற? அந்தம்மாவுக்குத்தான் சுகர் ஆச்சே. கால் புண்ணுல ஈ மொய்ச்சிகினு கீது, பாக்கலியா நீ?”

எந்தம்மா என்று புஷ்பலதா கேட்டாள்.

“ஞானமணியம்மா. இதோ நாற்காலில உக்காந்துகினு உன்னயே பாத்துகினு கீறாங்க.”

புஷ்பலதா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது நாற்காலியும் வெல்வெட் துணியும்தான். இத்தனை வெள்ளிக்கிழமைகளும் ஒரு சர்க்கரை நோயாளிக்குப் பாயசம்போல டீயைக் கொடுத்து, அதையே சாட்சியாக ஊருக்குச் சொல்லி, அந்தம்மாவைத் தன் வீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடைசியில், ஏம்மா வேணாம்னு சொல்லல என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள். கௌரியம்மாள் குனிந்து காது கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அவங்க சொல்லிகினுதான் இருந்தாங்களாம். ஒனக்குக் கேக்கல. ஜெபத்துக்கு நேரமாவுதாம்.”

புஷ்பலதா அடுப்பில் வெந்நீர் வைத்தாள். அகலமான பேசினில் ஊற்றி நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நீர் தானாகத் தளும்பி அடங்கியது. கௌரியம்மாள் இடம் சொல்ல, கைக்குத் தட்டுப்படாத கால்களை அவள் துடைத்தாள். “இன்னும் கீழக்கா, கட்டவெரலாண்ட,” என்றாள் கௌரியம்மாள். நீர் கலங்கிச் சிவந்தது. பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டபோது, அந்தரத்தில் துணி மட்டும் ஒரு பாதத்தின் வடிவத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. ஜெபத்தைத் தொடங்கினாள். அப்பத்தைக் கேட்கும் இடத்தில் அவளை அறியாமல் நின்றாள். அந்த நிறுத்தத்தில், நாற்காலிக்கு மேலிருந்து யாரோ இளைப்போடு மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவளால் ஜெபத்தை முடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து, போன சாட்சி பொய் என்றாள். வந்தது யார் என்றும் சொன்னாள். சபையில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை, ஒருவரும் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வேன்கள் நின்று போயின. ஞானமணி இன்றுவரை சபையாரின் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டு மட்டும் தெரிகிறது. சாயந்திர வேளையில் அந்த வெள்ளைத் துணி தரையைத் தொட்டும் தொடாமலும் தெருவோரமாகத் தாங்கித் தாங்கி நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறவர்போல் சற்று நின்று உள்ளே போகும். வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைப்பார்கள். புண் ஆறிவிட்டது, கட்டு இனி வேண்டாம் என்று கௌரியம்மாள் எப்போதோ சொல்லிவிட்டாள். அதைக் கழற்றத்தான் புஷ்பலதாவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.