வெயில் படாத சிவப்பு

இசிகேலி இனித் திரும்ப மாட்டான் என்பது லௌடோக்கா என்ற தீவு நகரத்துப் பெயிண்ட் கம்பெனியில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவன் பெண்டாட்டி மெரசேனிக்குத்தான் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சை பறிக்கப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். இதை அவளிடம் யார் சொல்வது? வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடிக்க உட்காரும் இடத்திலெல்லாம் இதே பேச்சு. கிண்ணம் ஒரு சுற்று வந்ததும் சொல்லும் தைரியமும் இறங்கிவிடும்.

மெரசேனிக்குத் தரம் பார்க்கும் அறையில் வேலை. புதிதாகக் கலக்கிய பெயிண்டைப் பழைய மாதிரியோடு வைத்துப் பார்த்து, நிறமும் கெட்டியும் ஒத்துப்போனால்தான் டப்பாவில் அடைக்க விடுவாள். இல்லாவிட்டால் ஒரே கூரை பாதி ஒரு சிவப்பு, மீதி வேறு சிவப்பு என்று ஊர் சிரிக்கும். கூரை பெயிண்டுக்கு வெயில் சோதனையும் உண்டு. தகரத் தகட்டில் பூசி, மொட்டைமாடியில், அங்கே வெயில் அதிகம் விழும் வடக்கே பார்த்துச் சாய்த்து வைப்பார்கள். அடி ஓரத்தில் மட்டும் ஈயத்தாளைச் சுற்றி மூடியிருக்கும். நாளானபின் தாளைப் பிரித்தால், வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெயிண்டில் கலக்கப் புதிதாக வாங்கிப் பார்த்த மலிவு விலைச் சிவப்புப் பொடிக்கு இருந்தது ஒரே தகடு. அங்கேயே வேலை பார்த்த இசிகேலி, ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் முன் பூசியது. இடதுகைக்காரன், பிரஷ்ஷை எடுக்கும் இடத்திலெல்லாம் கொக்கி மாதிரி ஒரு வளைவு விழும்.

மாடிச் சாவி மெரசேனியிடம். இடுப்பில் சுற்றும் பழைய சுலுத் துணி ஒன்றைத் தினமும் அவள் மேலே கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, டீ போடும் வசிதி ஒருநாள் கேட்டாள். "ஆலைக் கரி விழுதுடி, தொடைக்கணும்" என்றாள் மெரசேனி. கரும்பு அரவைக் காலத்தில் அது பொய்யுமில்லை. அரவை முடிந்த பிறகும் துணி போய்வந்தது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

அன்று மெரசேனி இறக்கிக் கொடுத்த தகடுகளின் ஈயத்தாளைப் பிரிவுத் தலைவர் காம்தா பிரசாத் பிரித்தார்.

"மெரசேனி, இங்க வாம்மா! மத்ததெல்லாம் வெளுத்துப் போச்சு. இந்த மலிவுப் பொடி மட்டும் நேத்து பூசின மாதிரி இருக்கு! முதலாளி குதிக்கப் போறார். உங்க ஊர் சர்ச் கூரைக்குத்தான் முதல் பேரல்."

டீ கொண்டுவந்த வசிதி எட்டிப் பார்த்தாள். அவள் மெரசேனிக்கு மாமன் மகள்; அந்த முறைக்காரிகள் சீண்டிக்கொள்ளாவிட்டால்தான் குறை. "பாத்தியா மச்சினி, பூசினவன் ஓடிட்டான், பூச்சு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது!" என்றவள், சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதான் வாயில வந்துடுச்சே, மிச்சத்தையும் சொல்லு" என்றாள் மெரசேனி. "அங்க பொறந்த கொழந்தை அவனை மாதிரியே இருக்காமே."

"உனக்குத் தெரியுமா?"

"போன புயல் மழைக்கு முன்னாடியே தெரியும். நீங்க எல்லாரும் மறைக்கப் படுற பாட்டைப் பாத்து, நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

ஊருக்கே செய்தி சொல்லும் வசிதி டீத் தட்டை மேசைமேல் வைத்தாள். மெரசேனி காம்தா பக்கம் திரும்பினாள்.

"பேரல் அனுப்பாதீங்க, ஐயா. இது வெயில்ல நிக்கவே இல்ல. நான்தான் துணி போட்டு மூடினேன்."

காம்தாவின் முகம் அந்தத் தகட்டைவிடச் சிவந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சர்ச் கூரை வருஷத்துக்குள்ள வெளுத்துச்சுன்னா போதகர் யார் சட்டையைப் பிடிப்பார்? என் சட்டையை!" கத்தி முடித்ததும், தலைகுனிந்து நின்றவளைப் பார்த்துக் குரலை இறக்கினார். "மாதிரிப் பொடியும் தீந்து போச்சு. இருக்கிறது இந்த ஒண்ணுதான். இதை மறுபடி வெயில்ல வெச்சாத்தான் முதலாளிகிட்ட ஏதாச்சும் காட்ட முடியும். இல்ல, உனக்கு வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. கெட்டுப் போச்சுன்னு சொல்லிடறேன். அப்புறம் அவர் பாடு, அந்தப் பொடி பாடு."

தகடு அவள் கைக்கு வந்தது. கட்டைவிரல் ஒரு கொக்கியின் மேல் ஊர்ந்து முடிவில் நின்றது.

மெரசேனி புது ஈயத்தாள் ஒரு துண்டு கிழித்து அடி ஓரத்தில் சுற்றினாள். மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் சுலு மட்டும் இருந்தது.

சர்ச்சுக்குப் பழைய பொடியிலேயே பெயிண்ட் போயிற்று. முதலாளி முணுமுணுத்தார்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் மெரசேனியே அந்தத் தகட்டை, பூச்சு மாவாய் உதிர்கிறதா என்று கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்தாள். அடுத்த அரவை தொடங்கும் சமயத்தில் துணியில் இளஞ்சிவப்பாய் மாவு அப்பிக்கொண்டு வந்தது. கொக்கிகள் இருந்த இடம் தடவினாலும் தட்டுப்படவில்லை.

"என்னம்மா?" என்று கீழேயிருந்து கேட்டார் காம்தா.

"தேறல, ஐயா."

ஒரு தகட்டுக்கு ஒரு துணி என்பது அங்கே விதி. அவள் அந்தத் துணியை உதறவில்லை. மாவு உள்ளே இருக்கும்படி மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த தகட்டுக்குப் புதுத் துணி எடுத்தாள்.