இருபத்து நாலு டிகிரி

வாழைப்பழம் பழுக்கவைக்கும் குளிர் அறையில் எதைச் செய்யக் கூடாது என்று விளக்குவதற்காக, அதையே செய்து காட்டினேன். பதினாறு டிகிரியை இருபத்து நாலுக்கு ஏற்றி, "இப்படி வெச்சா நாலு நாள்ல பழுக்க வேண்டியது ரெண்டே நாள்ல குழைஞ்சிரும். புரிஞ்சுதா?" என்றேன். பட்டப்படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த மூவரும் வழக்கம்போல "புரிஞ்சுது சார்" என்றார்கள். அந்தப் பூரிப்பில் டீ குடிக்கப் போனவன், திரும்ப இறக்க மறந்துவிட்டேன். அது சனிக்கிழமை.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது என் பாடம் நிரூபணமாகியிருந்தது. மூன்று டன் களக்காட்டு ஏத்தன் வாழைப்பழம், ஒன்றுவிடாமல் குழைந்துபோயிருந்தது. அன்று சுற்றுவட்டார டீக்கடைகளில் எல்லாம் பழ பஜ்ஜிதான்.

முதலாளி ரிச்சர்ட் அண்ணாச்சி அறையின் வெப்பநிலைப் பதிவேட்டை விரித்தார். சனிக்கிழமைக்கு நேரே 'இருபத்து நாலு' என்று அஸ்ஃபியா எழுதியிருந்தாள். பயிற்சிக்கு வந்த மூவரில் ஒருத்தி, திசையன்விளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண். அவளுடைய பணி நிரந்தரக் கடிதம் அதே மேசையில், அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது. அண்ணாச்சி பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, மாத்தினது நான்" என்றேன்.

"நீருதானவே இதுகளுக்குப் பயிற்சி குடுக்கீரு?"

"பயிற்சியிலதான் மாத்தினேன்."

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "சரி, பாத்து எழுதுனவ ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? வாயத் தொறக்காத ஆள எப்படி நிரந்தரம் பண்ண?"

"எழுதி சார்கிட்ட நீட்டுனேன் அண்ணாச்சி. பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாவ."

பதிவேட்டைத் திருப்பினார். அவள் எழுதியதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்துக் கிறுக்கல். அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்து, பேனாவைத் திறந்து, கடிதத்தில் கையெழுத்திட்டார்.

எனக்கு நிம்மதிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ ஆறு மாசமா 'புரிஞ்சுது சார், புரிஞ்சுது சார்'னு சொன்னியே, அதெல்லாம்?"

கடிதத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அந்தக் குளிருக்குள்ள நிக்க வெச்சி முக்கா மணி நேரம் பேசுதீய சார். புரிஞ்சுதுன்னு சொன்னாத்தான கதவத் தொறப்பீய?"