டூட்டி நாளில் விழுங்காத மாத்திரை

காலை ஐந்து மணி. காக்கிச் சட்டையோடு நின்ற ஓட்டுநர் 'கடிகாரம்', மனைவி பார்க்க மாத்திரையை வாயருகே கொண்டுபோய், அண்ணாந்து தண்ணீர் குடித்தார். நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு! மாத்திரை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

நேரம் தவறாமல் பேருந்து ஓட்டுவதால் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர்தான் கடிகாரம். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மனைவிக்கு மட்டுமே தெரியும். அதற்கான மாத்திரைதான் வயிற்றைக் கலக்குகிறது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். அறுபது பயணிகளை நடுவழியில் நிறுத்திவிட்டு எங்கே ஓடுவது? ஆகவே டூட்டி நாளில் மாத்திரைக்கு லீவு. மருத்துவரிடம் சொல்லலாம்தான். ஆனால் ஒரு பெண்ணிடம் போய் வயிற்றுப்போக்கு என்று சொன்னால் மானம் போய்விடுமாம். நல்ல மானம் போங்கள்!

அந்த மாத ரத்தப் பரிசோதனையில் கிருமியின் அளவு ஏறியிருந்தது.

"மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல மேடம்."

பக்கத்திலிருந்த மனைவி ஒரு பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தாள். உள்ளே பதினேழு மாத்திரைகள். "துவைக்கும்போது இவரு சட்டைப்பையில இருந்து எடுத்தது. என்கிட்ட வாயே திறக்கமாட்டேங்கறாரு. நீங்களே கேளுங்க. எனக்கு இவரு வேணும் டாக்டர்."

கடிகாரம் தலையைக் குனிந்துகொண்டு, திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டினார். மருத்துவர் சிரிக்கவில்லை.

"இப்படி விட்டு விட்டுப் போட்டா, அப்புறம் இந்த மாத்திரைக்குக் கிருமி அடங்காமப் போயிடும். உயிருக்கே ஆபத்து. முதல்ல மலப் பரிசோதனை பண்ணுவோம். தொற்று எதுவும் இல்லன்னா, வயித்துப்போக்குக்கும் மாத்திரை இருக்கு."

"அதையும் மாசக்கணக்கா முழுங்கணுமா? உள்ள இருக்கறதெல்லாம் கெட்டுடாதா?"

"கேக்கவேண்டிய கேள்விதான். அது குடலோட நின்னு வேலை செய்யற மருந்து. ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். மாசக்கணக்கா சாப்பிட்டவங்களைக் கவனிச்சுப் பார்த்துதான் குடுக்கறாங்க. ஆனாலும் நான் சும்மா விடமாட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பரிசோதிச்சுப் பார்க்கலாம்."

பரிசோதனையில் தொற்று இல்லை. அவர் இரண்டு மாத்திரைகளையும் மனைவியின் கண்ணெதிரிலேயே விழுங்க ஆரம்பித்தார். சில வாரங்களில் வயிறு அடங்கியது. மூன்று மாதத்துக்கொரு முறை சொன்ன தேதியில் மருத்துவமனையில் நின்றார்.

ஓராண்டு ஓடியது. கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிட்டது, கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றார் மருத்துவர். எட்டு மணி நேர நெடுந்தூரப் பேருந்தை அவரே கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வெளியே வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செவிலியர் அவர் காதோரம் குனிந்து, "வயிறு எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வயித்துப்போக்கு நின்னு வருஷம் ஆகப்போகுது சிஸ்டர்," என்றார் அவர், பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையாமல் வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிடுங்க. பயமா இருந்தா கேளுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. வியாதியை மாத்திரை அடக்கிடுச்சு. என் வெட்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்துச்சு."