மாதாவின் முதல் முகம்

எங்கள் கன்னியர் மடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில், கடவுளின் பிள்ளையைப் பெறுவாய் என்று மாதாவுக்குச் சேதி வரும் மங்கள வார்த்தை ஓவியத்தை நான்தான் வரைந்தேன். ஈரச் சுண்ணாம்பில், அன்றன்று பூசி அன்றன்றே முடித்தது.

புளோரன்ஸில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரியும்: தேவதூதனாகிய சம்மனசு வந்து நின்றதும் மாதா முதலில் கலங்கினாள், பிறகு யோசித்தாள், கேள்வி கேட்டாள், கடைசியில்தான் பணிந்தாள். ஓவியர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கடைசிதான் பிடிக்கும். நான் முதலாவதை வரைந்தேன். தட்டாமல் உள்ளே வந்தவனை, புத்தகத்திலிருந்து நிமிர்ந்து நேராகப் பார்க்கிறாள்.

எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வரும் தத்தேயோ சாமியார் அதன்முன் நின்றுவிட்டார்.

"என்னம்மா ஓர்சோலா, மாதாவா இது? மீன்காரிகிட்ட சண்டைக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கு."

"கலங்கிப்போயிருக்காங்க சாமி. சுவிசேஷத்துலயே இருக்கு."

"கலங்குனா இப்படியா முறைப்பாங்க? கண்ணைத் தாழ்த்து. இதைப் பார்த்துத்தானே மடத்துல சேர்ற சின்னப் பிள்ளைங்க துறவற வார்த்தைப்பாடு கொடுக்கணும்."

அப்பா என்னை இந்த வாசலில் விட்ட அன்று நானும் கண்ணைத் தாழ்த்தித்தான் நின்றேன். என்ன பணிவு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"மாத்த மாட்டேன் சாமி."

"அப்ப கொத்தனாரை வரச் சொல்றேன். கொத்தி எடுத்துரட்டும்."

மடத்துத் தலைவி பிரிஜிதா அம்மா குறுக்கே வந்தார். "இந்த வாரம் திருநாள் சாமி. கொத்தினா மறுபடி எப்பப் பூசி எப்ப வரையுறது? இதுக்கு மேலயே வேற முகம் போட்டுருவா."

சாமியாருக்குத் திருப்தி. என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

"நீங்களுமா அம்மா?"

"கத்தாதடி. காய்ஞ்ச சுவர்ல, முட்டைக் கருவுல குழைச்ச வர்ணம். சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கூடத்து ஆவி. எத்தனை வருஷம் தாங்கும்? உரிஞ்சு விழுந்துரும். நீ முதல்ல போட்டது சுண்ணாம்போட சுண்ணாம்பா உள்ளயே இருக்கும்."

"அதுக்குள்ள நான் செத்துருப்பேன்."

"இருக்கலாம். கொத்திட்டா யாருக்குமே இல்ல."

ஒரு பெண்ணைக் காப்பாற்றவும் அவள் கண்ணைத்தான் மூட வேண்டுமா? முட்டையை உடைத்தேன். சுவரில் மாதா இப்போது என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் படிந்திருந்த தூசியைத் துடைக்கவில்லை. வர்ணம் ஒட்டாமல் போகட்டும் என்று அதன் மேலேயே தூரிகையை வைத்தேன்.